கிரனாடாவில் அறை: முதலில் முட்டியைக் கேளுங்கள்

கிரனாடாவில் கட்டுப்படியாகிற வாடகையில் அறை கிடைக்குமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்க முட்டி எப்படி இருக்கு?" என்பதுதான். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். தெற்கு ஸ்பெயினில், சியரா நெவாதா மலைத்தொடரின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. பழைய நகரத்தின் பாதி மேட்டில் ஏறிக்கிடக்கிறது. மேட்டுத் தெருவில் நாளுக்குப் பத்து யூரோ குறைவாக ஓர் அறை கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு எடுத்தீர்களானால், அந்தப் பத்து யூரோவும் டாக்ஸிக்காரருக்குப் போய்விடும். முட்டி நன்றாக இருந்தால் மிச்சம்.

நான் வேலைக்காலம் முழுக்க தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவள். சில்லறை எண்ணிப் பழகிய கை. தங்கை மகள் கிரனாடா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளைப் பார்க்கிற சாக்கில் நானும் தங்கையும் அங்கே போய்வருகிறோம். அவள் இருப்பது மூன்று மாணவிகளோடு வாடகையைப் பங்கு போட்டுக்கொண்ட ஃபிளாட். எங்களுக்கு அங்கே தரையில் பாய் விரிக்கவும் இடம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அறை தேடுகிற வேலை என் தலையில் விழுகிறது. தங்கைக்கு ஜன்னல் வேண்டும், எனக்குப் படி கூடாது, இரண்டு பேருக்கும் வாடகை குறைவாக இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரனுக்கு இடம் கொடுத்துக் காசு வாங்குகிற தொழில் அந்த ஊருக்குப் புதிதில்லை. ரேயஸ் கத்தோலிகோஸ் என்ற பெரிய கடைத்தெருவிலிருந்து ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பினால் கொரால் தெல் கார்போன் என்ற கட்டடம் வரும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நஸ்ரித் சுல்தான்கள் ஆண்டபோது கட்டிய வியாபாரிகள் சத்திரம். வாசலில் குதிரை லாடம் போல் வளைந்த பெரிய தோரணம். உள்ளே சதுர முற்றம், நடுவில் கல்தொட்டி, அதில் இரண்டு குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி மூன்று தளம். கீழே கழுதைகளும் சரக்கும், மேலே வியாபாரிகள். 1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி சுல்தான் போஆப்தில் நகரத்தை அரசி இசபெல்லாவிடமும் அரசர் ஃபெர்னாந்துவிடமும் ஒப்படைத்த பிறகு கட்டடம் கைமாறியது. 16ஆம் நூற்றாண்டில் அதே முற்றத்தில் நாடகம் போட்டார்கள். பிறகு கரி வியாபாரிகள் வந்து இறங்குகிற இடமாகிக் கரியின் பெயரே நிலைத்தது. அதற்கும் பின்னால் ஏழைக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக நெருக்கியடித்து வாழ்ந்த குடித்தனக் கட்டடம். 1918ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். சுல்தான்களின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவைச் சீர்செய்த கட்டடக் கலைஞர் லியோபோல்தோ டோரஸ் பல்பாஸ் இதையும் பழுதுபார்த்தார். உள்ளே போகக் காசு வாங்குவதில்லை. நாங்கள் அங்கே போனபோது தங்கை அண்ணாந்து பார்த்து, "அக்கா, நாம எடுத்திருக்கிற இடமும் இப்படித்தானே இருக்கு" என்றாள். உண்மைதான். பழைய நகரத்து விடுதிகளில் பலவும் நடுவில் முற்றம், சுற்றிலும் அறை என்ற அமைப்பில்தான் இன்றும் இருக்கின்றன. கழுதைகள் நின்ற இடத்தில் இப்போது பெட்டிகள் நிற்கின்றன.

விடுதி வகைகளைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். ஸ்பெயினில் ஒவ்வொரு விடுதியின் வாசலிலும் அரசாங்கம் வகுத்த ஒரு சதுரத் தகடு பதித்திருக்கும். அதில் ஹெச் என்று மட்டும் இருந்தால் ஓட்டல். ஹெச்சுக்குப் பக்கத்தில் சின்ன எஸ் இருந்தால் ஓஸ்தால். பி என்றிருந்தால் பென்சியோன். ஓஸ்தாலைப் பார்த்து நம்மூர் ஹாஸ்டல் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள் ஏராளம். ஒரே கூடத்தில் ஆறு கட்டில், எட்டு கட்டில் போட்டு முதுகுப்பைப் பிள்ளைகளுக்கு விடுகிற இடங்கள் தனி. கிரனாடாவில் அவையும் நிறைய உண்டு. ஓஸ்தால் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், பழைய கட்டடத்தின் ஒன்றிரண்டு மாடிகளில் சில அறைகளை வைத்துக்கொண்டு நடத்துகிற சின்ன விடுதி. தனி அறை, பூட்டு, துண்டு, படுக்கை விரிப்பு, பெரும்பாலும் சேர்ந்த குளியலறை. ஒன்றோ இரண்டோ நட்சத்திரம். அதற்கு மேல் அந்தலூசியா மாநிலத்தில் ஓஸ்தாலுக்குக் கொடுப்பதில்லை. பென்சியோன் அதைவிட எளியது, குளியலறை பொதுவாக இருக்கலாம். ஓட்டலில் இருப்பது போல் இரவு முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கிற வரவேற்பு மேசையோ, காலை உணவு மண்டபமோ இவற்றில் எதிர்பார்க்கக் கூடாது. அவை இல்லாததால்தான் வாடகை குறைகிறது.

நாங்கள் போன சமயங்களில், கூட்டம் இல்லாத வாரநாளில், குளியலறை சேர்ந்த இருவர் அறை ஓஸ்தாலில் 50லிருந்து 70 யூரோவுக்குள் கிடைத்தது. பொதுக் குளியலறை போதும் என்றால் பென்சியோனில் 40 யூரோவுக்குப் பக்கத்திலேயே முடிந்தது. ஒரு யூரோவை ஏறத்தாழ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையில் 10 சதவீத வரி சாதாரணமாகச் சேர்ந்தே இருக்கும். பார்சலோனாவிலும் மயோர்க்கா தீவிலும் ஆளுக்கு இவ்வளவென்று தனியாகச் சுற்றுலா வரி பிடுங்குவார்கள். கிரனாடாவில் எங்களிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.

இனி தெருக்கள். இங்கேதான் முட்டி பேசும்.

பிளாசா நுவேவா என்ற சதுக்கத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அல்ஹம்ப்ராவை நோக்கி ஏறுகிற தெரு குவெஸ்தா தெ கோமெரெஸ். கிதார் செய்கிறவர்களின் பட்டறைகள் இந்தத் தெருவில் பல காலமாக உண்டு. நடந்துபோனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் மரத்தை இழைத்துக்கொண்டிருப்பார். இடையிடையே சின்ன விடுதிகள். தெரு செங்குத்துதான், ஆனால் அது போய்ச் சேருகிற இடம் அல்ஹம்ப்ரா. 16ஆம் நூற்றாண்டில் கட்டிய மாதுளை வாசலைத் தாண்டி, எல்ம் மரக்காட்டுக்குள் நடந்து, கோட்டை வாசலை அடைந்துவிடலாம். தெருவின் அடிப்பக்கத்தில் அறை எடுத்தால் படியும் மேடும் குறைவு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அங்கே நாங்கள் தங்குகிற விடுதியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தெருக்கதவுக்கு ஒரு சாவி, மாடிக்கதவுக்கு ஒரு சாவி, அறைக்கு ஒரு சாவி, மூன்றும் கனத்த பித்தளைக் கட்டையில் கோத்திருக்கும். லிஃப்டில் இரண்டு பேர் நிற்கலாம், அல்லது ஒருவரும் ஒரு பெட்டியும். தரையில் பூவேலைச் சிமென்ட் கற்கள், நடுவில் தேய்ந்து நிறம் போனவை. அறையின் ஜன்னலில் பெர்சியானா என்கிற சுருள் ஷட்டர். நாடாவைப் பிடித்து இழுத்தால் நடுப்பகலிலும் அறை கும்மிருட்டாகும். ஜூலை வெயிலை அது இல்லாமல் தாங்க முடியாது. ஓனரம்மாவின் சின்ன வரவேற்பறையில் ஒரு வட்ட மேசை இருக்கிறது. தரையைத் தொடுகிற கனத்த துணி போர்த்தி, அடியில் மின்சார ஹீட்டர் வைத்திருப்பார். ஜனவரி மாதக் குளிரில், பாஸ்போர்ட் விவரங்களை அவர் எழுதி முடிக்கிறவரை, கால்களை அந்தத் துணிக்குள் நுழைத்து உட்காரச் சொல்வார். அறுபது தாண்டிய என்னை அவர் "மகளே" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த ஊர் வழக்கமாம். தங்கை மகள் சொன்னாள்.

பாஸ்போர்ட் விவரம் எழுதுவதற்குப் பயப்பட வேண்டாம். விருந்தினரின் விவரங்களைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம். 2024 டிசம்பர் முதல் அது இன்னும் கூடி, முகவரி, தொலைபேசி எண், பணம் கட்டிய விதம் வரை கேட்கிறார்கள்.

பிளாசா நுவேவாவிலிருந்து வடக்கே போகிற எல்விரா தெருவிலும் அறைகள் உண்டு, வாடகையும் மிதமானது. ஆனால் மாணவர் நகரம் இது. 1531ல் தொடங்கிய பல்கலைக்கழகம். ஐரோப்பா முழுவதிலிருந்தும் பரிமாற்றத் திட்டத்தில் பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். வியாழக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடிகிறவரை எல்விரா தெரு தூங்காது. தெருவைப் பார்த்த அறையை அங்கே எடுப்பது, என்னைக் கேட்டால், காசு கொடுத்துத் தலைவலி வாங்குவது.

உள்ளறை, வெளியறை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'இந்தெரியோர்' என்றால் முற்றத்தைப் பார்த்த அறை. 'எக்ஸ்தெரியோர்' என்றால் தெருவைப் பார்த்தது. வெளியறைக்கு ஐந்து, பத்து யூரோ கூடுதல். உள்ளறையின் ஜன்னலைத் திறந்தால் கொடியில் காயும் துணியும் எதிர் வீட்டுச் சமையலறையின் குக்கர் சத்தமும்தான் கிடைக்கும். ஆனால் தூக்கம் வரும். தங்கை ஒவ்வொரு தடவையும் வெளியறைக்கு வாதாடுவாள். முதல் இரவு கழிந்ததும் அடங்கிவிடுவாள்.

அல்ஹம்ப்ராவுக்கு எதிர் மேட்டில் இருப்பது அல்பைசின். முஸ்லிம் காலத்துத் தெரு அமைப்பு கலையாமல் இருக்கிற பகுதி. அல்ஹம்ப்ராவை 1984ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. 1994ல் அல்பைசினையும் சேர்த்துக்கொண்டது. வெள்ளைச் சுவர்கள், சுவருக்குப் பின்னால் தோட்டம் வைத்த கார்மென் வீடுகள், மூலைக்கு மூலை பழைய நீர்த்தொட்டிகள். சான் நிக்கோலாஸ் மேடையில் நின்றால் எதிரே அல்ஹம்ப்ராவும் அதற்குப் பின்னால் பனிமலையும். அங்கே கார்மென் வீடுகள் சில விடுதிகளாகியிருக்கின்றன, கூட்டமில்லாத மாதத்தில் கட்டுப்படியாகிற விலையிலும் கிடைக்கும். படத்தைப் பார்த்து மயங்கி எடுத்துவிடாதீர்கள். தெருவெல்லாம் கூழாங்கல் பாவியது. பெட்டியின் சக்கரம் அதில் உருளாது, குதிக்கும். பல சந்துகளில் டாக்ஸி நுழையாது. அது நிற்கிற இடத்திலிருந்து உங்கள் வாசல்வரை படிகள். மழை பெய்தால் கல் வழுக்கும். பிளாசா நுவேவாவிலிருந்து சின்ன பஸ்கள் ஏறி இறங்குகின்றன. சி31ஐத் தெரிந்துவைத்துக்கொண்டால் பகலில் சமாளிக்கலாம். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தோம். ஆளுக்கொரு பெரிய பெட்டி, ஒன்றில் சக்கரம் கழன்று கையில் வந்துவிட்டது. "மேடம், கீழே ஏதாவது ரூம் தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்ட தோரணையில் வாடகையைப் பற்றிய கவலையே இல்லை.

இளைஞர்கள், தோளில் ஒரு பை மட்டும் உள்ளவர்கள், அல்பைசினில் தங்கத்தான் வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னால் அந்தச் சந்துகள் உங்களுக்கே சொந்தம்.

அதற்கும் அப்பால் சாக்ரோமோந்தே. மலைச்சரிவைக் குடைந்து ஹிதானோ மக்கள் வாழ்ந்த குகை வீடுகள், ஃபிளமெங்கோ ஆட்டம் பாட்டத்துக்குப் பேர்போன இடம். சில குகைகளை வாடகைக்கு விடுகிறார்கள். கோடையில் உள்ளே குளுமை, குளிர்காலத்தில் கதகதப்பு. ஓர் இரவு அனுபவத்துக்கு நல்லது. இருமல், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கலாம்; ஈரவாடை உண்டு.

அல்ஹம்ப்ரா குன்றின் தெற்குச் சரிவில் ரெயலேஹோ, பழைய யூதர் பகுதி. கம்போ தெல் பிரின்சிபே சதுக்கத்தைச் சுற்றியுள்ள கீழ்ப்பக்கத் தெருக்கள் நடக்கச் சுலபம். இன்னும் மலிவாக வேண்டுமானால் பேராலயத்துக்கு மேற்கே பிளாசா தெ லா திரினிதாதைச் சுற்றிப் பாருங்கள். சமதளம். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்கள் பக்கத்தில், மாணவர்களுக்கான நகலெடுக்கும் கடைகள், பேக்கரிகள், இரண்டாம் மாடி பென்சியோன்கள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் தங்கைக்கும் இரண்டாவது தெரிவு இது. ரயில் நிலையம் பக்கத்தில் எடுத்தால் விலை இறங்கும், ஆனால் பழைய நகரத்துக்குத் தினம் பஸ். மத்ரித்திலிருந்து 2019 ஜூன் முதல் அதிவேக ரயில் நேராக வருகிறது, மூன்றரை மணி நேரத்துக்குள். மாலகா விமான நிலையத்தில் இறங்கினால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

பார்க்க மட்டும் ஓர் இடம் இருக்கிறது. அல்ஹம்ப்ரா வளாகத்துக்குள்ளேயே அரசாங்கம் நடத்தும் பாரதோர் விடுதி. நஸ்ரித் மாளிகை ஒன்றின் மேல் எழுப்பிய பிரான்சிஸ்கன் மடம் அது. அரசி இசபெல்லாவை முதலில் அங்கேதான் புதைத்தார்கள். 1521ல்தான் பேராலயத்தை ஒட்டிய அரச சிற்றாலயத்துக்கு மாற்றினார்கள். ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கில் யூரோ. அதன் திறந்தவெளித் தளத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கத் தங்கியிருக்க வேண்டியதில்லை. நாங்கள் காப்பி குடித்தோம், அங்கிருந்து தெரிகிற ஹெனரலிஃபே தோட்டத்தைப் பார்த்தோம், கோமெரெஸ் தெருவுக்கு நடந்து இறங்கிவிட்டோம். அல்ஹம்ப்ராவுக்குள் முன்பே தங்கியவர் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங். 1829ல் சில மாதங்கள் அந்த அரண்மனையிலேயே குடியிருந்தார். அப்போது அது பாழடைந்து, அதன் மூலைகளில் ஏழைகள் குடியிருந்த காலம். அவர் எழுதிய கதைகள் 1832ல் புத்தகமாக வந்து, உலகத்தையே அங்கே வரவழைத்தன. இன்று அறை வாடகை ஏறியதற்கு அவரையும் கொஞ்சம் திட்டலாம்.

அடுத்தது காலண்டர். ஒரே அறை, ஒரே கட்டில், தேதியைப் பொறுத்து விலை இரட்டிப்பாகும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர்வலங்கள் தெருத்தெருவாகப் போகும். அந்த வாரம் மலிவு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஈஸ்டர் கழிந்து அறுபதாம் நாள், மே கடைசியிலோ ஜூனிலோ, கார்புஸ் திருவிழா. ஊர் முழுக்கச் சந்தை, ஆட்டம். ஜூன், ஜூலையில் சர்வதேச இசை, நடன விழா. அக்டோபர் 12, டிசம்பர் 6, 8 ஆகியவை தேசிய விடுமுறை; வார இறுதியோடு ஒட்டிவந்தால் ஸ்பெயின்காரர்களே கும்பலாக வந்து இறங்குவார்கள். குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது என்று நினைப்பீர்கள். ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் சியரா நெவாதாவின் பனிச்சறுக்கு மையம். சனி, ஞாயிறுகளில் அங்கே சறுக்க வருகிறவர்கள் அறைகளைப் பிடித்துவிடுவார்கள். குளிர்காலத்துத் திங்கள் முதல் வியாழன் வரை, குறிப்பாக நவம்பர் நடுவிலும், ஜனவரி பாதிக்குமேல் பிப்ரவரி வரையிலும்தான் உண்மையான மலிவு. அப்போது அறையில் ஹீட்டர் எந்நேரமும் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். இரவில் உறைநிலைக்குப் போகும், சில பழைய கட்டடங்களில் குறிப்பிட்ட மணி நேரம்தான் வெந்நீர்க்குழாய் சூடேறும். ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், வாடகை சற்று இறங்கும், ஆனால் வெயில் 38ஐத் தாண்டும். ஏசி இல்லாத அறை அப்போது இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கிரனாடா ஒரு சலுகை வைத்திருக்கிறது. பாரில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு தின்பண்டம் இலவசம். ஸ்பெயினின் மற்ற பெரிய சுற்றுலா ஊர்களில் தாபாஸ் என்கிற இந்தத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் தனிக் காசு. இரண்டாவது பானத்துக்கு இரண்டாவது தட்டு, வேறு பண்டம். குடிப்பழக்கம் இல்லாத நாங்கள் மோஸ்தோ என்கிற புளிக்காத திராட்சைச் சாறு கேட்போம். அதற்கும் தட்டு வரும். மரக்கறிக்காரர்களுக்குத்தான் சோதனை. தட்டில் என்ன வரும் என்பது பாருக்குப் பின்னால் நிற்பவரின் இஷ்டம், பெரும்பாலும் பன்றி இறைச்சி. "சொய் வெகெதாரியானா" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். "சின் கார்னெ, நி பெஸ்காதோ", இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். காய்கறி சாண்ட்விச் என்று மெனுவில் இருந்தாலும் நம்பாதீர்கள். அதில் சூரை மீன் வைப்பது அங்கே சகஜம். தங்கை மகள் முதல் தடவையே எச்சரித்துவிட்டாள்: "பெரியம்மா, வெஜிடபிள்னு எழுதியிருந்தாலும் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் சாப்பிடணும்." உருளைக்கிழங்கு, முட்டை சேர்ந்த தோர்த்தியா, கரும்புத் தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், ஆலிவ் காய், இவை கிடைத்துவிட்டால் இரவுச் சாப்பாடு அதோடு முடிந்தது. கல்தெரேரியா நுவேவா சந்தில் மொராக்கோக்காரர்களின் தேநீர்க் கடைகளும் ஃபலாஃபெல் கடைகளும் இருக்கின்றன.

ஓஸ்தாலில் காலை உணவு இருக்காது என்றேனே, அது நல்லதுதான். ஓட்டலில் அதற்கு ஆளுக்கு எட்டு, பத்து யூரோ. தெருமுனை பாரில் தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும் தடவிய வாட்டிய ரொட்டி, பால் காப்பி, இரண்டும் சேர்த்து மூன்று, நான்கு யூரோவுக்குள். மதியம் இரண்டு மணி வாக்கில் 'மெனு தெல் தியா' என்று கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். மூன்று வகைச் சாப்பாடு சுமார் 12லிருந்து 15 யூரோ. இரவுச் சமையலறை எட்டரைக்கு முன்னால் திறக்காது. குடிதண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். குழாயில் வருவது சியரா நெவாதா பனித் தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம்.

வாடகை ஃபிளாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நான்கு பேராகப் போனால், சமையலறை உள்ள ஃபிளாட் ஆளுக்குக் கணக்குப் போட்டால் மலிவுதான்; ரசம் வைக்கலாம், தயிர்சாதம் பிசையலாம். ஆனால் அல்பைசினில் நடந்தால் வீட்டுக் கம்பிகளில் சாவிப் பெட்டிகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்ப்பீர்கள். குடியிருந்தவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் போய்விட்ட வீடுகள் அவற்றில் பல. தங்கை மகளும் தோழிகளும் அறை கிடைக்காமல் ஒரு செப்டம்பர் முழுக்க அலைந்ததற்கும் இதுதான் காரணம். வீட்டுக்காரர்கள் மாணவர்களைவிடச் சுற்றுலாக்காரர்களையே விரும்புகிறார்கள். 2025 ஜூலையில், குறுகிய காலத்துக்கு இணையம் வழியாக விடுகிற வீடுகளுக்கு ஸ்பெயின் முழுமைக்குமான பதிவு எண்ணைக் கட்டாயமாக்கினார்கள். அந்த எண் இல்லாத வீட்டை, எத்தனை மலிவாக இருந்தாலும், எடுக்காதீர்கள். இரண்டு பேர் என்றால் ஃபிளாட்டே வேண்டாம். வட்ட மேசைக்கு அடியில் ஹீட்டர் வைத்திருக்கிற குடும்பத்துக்கு அந்தக் காசு போகட்டும்.

தேதியை முடிவு செய்வது நீங்களும் இல்லை, விடுதியும் இல்லை, அல்ஹம்ப்ரா. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நஸ்ரித் மாளிகைகளுக்குள் நுழைய டிக்கெட்டில் மணி அச்சிட்டிருக்கும். தவறினால் வெளியே நிற்க வேண்டியதுதான். டிக்கெட் உங்கள் பெயரில், பாஸ்போர்ட் எண்ணோடு இருக்கும், வளாகத்துக்குள் பல இடங்களில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். முழு டிக்கெட் 20 யூரோவை ஒட்டி வரும். வசந்த காலத்தில் வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும். பிறகு இடைத்தரகர்கள் வழிகாட்டியோடு சேர்த்து இரண்டு மூன்று மடங்கு விலை சொல்வார்கள். அறையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போகும். அதிகாரபூர்வ இணையதளத்தில் டிக்கெட் கிடைக்கிற நாளை முதலில் பாருங்கள், அதை வாங்குங்கள், பிறகு அந்த நாளுக்கு அறை தேடுங்கள். டிக்கெட் கிடைக்கவே இல்லையென்றாலும் நீதி வாசல் வழியாக நுழைந்து பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அரண்மனையிலுள்ள வட்ட முற்றத்தைக் காசில்லாமல் பார்த்துவரலாம்.

ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டியிருக்கும், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். விசா வராமல் போனால் பணம் முடங்காதபடி, ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுங்கள். ரத்து வசதி இல்லாத அறை ஐந்து யூரோ குறைவாகத் தெரியும். விசா கைக்கு வந்த பிறகு வேண்டுமானால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. பதிவு செய்ததும் விடுதிக்கு நீங்கள் வந்துசேரும் நேரத்தை எழுதிப்போடுங்கள். ஓஸ்தால்களில் இரவு பத்து மணிக்கு மேல் கதவு திறக்க ஆள் இருக்க மாட்டார்கள். முன்கூட்டிச் சொன்னால் சாவிக்கு ஏற்பாடு செய்வார்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் பாதகமில்லை. பெயர், தேதி, மணி, இந்த மூன்றையும் எழுதி, கூடவே கீழ்த்தள அறையோ லிஃப்டோ உண்டா என்று மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு வரி கேட்டு அனுப்புங்கள். எங்களுக்கு மறுநாளே பதில் வந்திருக்கிறது.